வரும் வாரம் மழை எப்படி? வானிலை முன்னறிவிப்பை வகுப்பறையில் வாசிப்போம்

ஐப்பசி பிறந்துவிட்டால் நம் பள்ளிகளில் தினமும் ஒரு கேள்வி எழும்: "நாளைக்கு லீவா டீச்சர்?" மாணவர்கள் மட்டுமல்ல, பெற்றோரும் கேட்பார்கள். ஆசிரியர் அறையில் நாமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வோம். அதற்குள் வாட்ஸ்அப் குழுவில் யாரோ போன வருடத்து விடுமுறை அறிவிப்பை அனுப்பியிருப்பார்கள்.

கடலோர மாவட்டம் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். என் வகுப்பில் மீனவர் வீட்டுப் பிள்ளைகளும் சம்பா நடவு செய்யும் குடும்பத்துப் பிள்ளைகளும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்று மாதமும் வானிலை அறிவிப்பு அவர்கள் வீட்டில் சோறு சம்பந்தப்பட்ட செய்தி. ஆனால் அந்த அறிவிப்பில் வரும் சொற்களுக்கு என்ன பொருள் என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தெரிவதில்லை. 'ஓரிரு இடங்களில் கனமழை', 'ஆரஞ்சு எச்சரிக்கை', 'ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்' ஆகிய ஒவ்வொரு சொல்லுக்கும் துல்லியமான அளவு உண்டு. அந்த அளவுகளைச் சொல்லிக் கொடுப்பது எளிது. வரும் வாரத்து அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டே அதைச் செய்யலாம்.

இந்த மழை ஏன் இப்போது?

அக்டோபர் முதல் டிசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழைதான் தமிழ்நாட்டின் முதன்மையான மழைக்காலம். இந்த மூன்று மாதங்களில் நமக்கு இயல்பாகக் கிடைப்பது சுமார் 44 செ.மீ. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும்போது மேற்குத் தொடர்ச்சி மலை குறுக்கே நிற்கிறது. மலையின் மேற்குப் பக்கம் நனைகிறது. கிழக்குப் பக்கம் இருக்கும் நமக்குப் பெரும்பாலும் மிச்சம்தான்.

செப்டம்பருக்குப் பிறகு வட இந்திய நிலப்பரப்பு குளிரத் தொடங்குகிறது. வங்கக்கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. காற்று திசை மாறி வடகிழக்கிலிருந்து வீசுகிறது. கடலைக் கடந்து வரும்போது ஈரப்பதத்தை அள்ளிக்கொண்டு நம் கரைக்கு வருகிறது. வழக்கமாக அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டிப் பருவமழை தொடங்கும்.

ஆனால் தொடங்கிவிட்டால் தினமும் பெய்யும் என்று பொருள் இல்லை. இந்தப் பருவமழை விட்டுவிட்டு வருவது. வங்கக்கடலில் ஒரு சுழற்சியோ தாழ்வுப் பகுதியோ உருவானால் நான்கைந்து நாள் கொட்டும். பிறகு ஒரு வாரம் வெயில் அடிக்கும். அதனால்தான் 'இந்த வாரம் எப்படி' என்ற கேள்வி நமக்கு முக்கியமாகிறது. கடலோரத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. நள்ளிரவிலும் அதிகாலையிலும் வெளுத்து வாங்கிவிட்டு, பள்ளி திறக்கும் நேரத்தில் வெயில் அடிக்கும் நாள்கள் நாம் எல்லோரும் பார்த்தவைதான்.

ஒரு மாதிரி அறிவிப்பு

சென்னை நுங்கம்பாக்கத்தில் உள்ள மண்டல வானிலை ஆய்வு மையம் தினமும் தமிழில் அறிக்கை வெளியிடுகிறது. வகுப்பில் பயன்படுத்த அந்த நடையில் நான் எழுதி வைத்திருக்கும் மாதிரி இது:

"தென்மேற்கு வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நிலவுகிறது. நாளை கடலோர மாவட்டங்களில் பெரும்பாலான இடங்களிலும், உள் மாவட்டங்களில் ஒரு சில இடங்களிலும் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும். நான்கு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை பெய்ய வாய்ப்புள்ளது. மணிக்கு 35 முதல் 45 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 55 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம்."

இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒவ்வொரு சொல்லாகப் பிரிக்க ஆரம்பிப்போம்.

'எத்தனை இடங்களில்?'

ஒரு பகுதியில் 20 மழைமானிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் எத்தனை மானிகளில் குறைந்தது 2.5 மி.மீ. மழை பதிவாகும் என்பதுதான் கணக்கு.

ஓரிரு இடங்களில் என்றால் 25 விழுக்காடு வரை. அதாவது 20இல் 5 மானிகள் வரை.
ஒரு சில இடங்களில் என்றால் 26 முதல் 50 விழுக்காடு.
பல இடங்களில் என்றால் 51 முதல் 75 விழுக்காடு.
பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல்.

ஏழாம் வகுப்பு விழுக்காட்டுப் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

'எவ்வளவு மழை?'

முதல் நாள் காலை 8.30 மணி முதல் மறுநாள் காலை 8.30 மணி வரையான 24 மணி நேரத்தில் பெய்ததை ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறார்கள். அந்த அளவை வைத்துப் பெயர் வருகிறது.

லேசான மழை: 2.5 முதல் 15.5 மி.மீ. வரை
மிதமான மழை: 15.6 முதல் 64.4 மி.மீ. வரை
கனமழை: 64.5 முதல் 115.5 மி.மீ. வரை
மிக கனமழை: 115.6 முதல் 204.4 மி.மீ. வரை
அதி கனமழை: 204.5 மி.மீ. மற்றும் அதற்கு மேல்

செய்திகளில் இதைச் செ.மீ. கணக்கில் முழு எண்ணாக்கிச் சொல்வார்கள்: 7 முதல் 11 செ.மீ. கனமழை, 12 முதல் 20 மிக கனமழை, 21க்கு மேல் அதி கனமழை.

'7 செ.மீ.' என்றால் பிள்ளைகளுக்கு அது ஒரு விரல் நீளம். எவ்வளவு தண்ணீர் என்று தெரியாது. அதற்கு ஒரு கணக்கு போதும். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மி.மீ. மழை பெய்தால் அது சரியாக 1 லிட்டர். 20 அடிக்கு 20 அடி உள்ள வகுப்பறையின் கூரை சுமார் 37 சதுர மீட்டர். 64.5 மி.மீ. மழை பெய்தால் அந்த ஒரு கூரையில் மட்டும் ஏறக்குறைய 2,400 லிட்டர் விழுகிறது. அரை ஏக்கர் விளையாட்டு மைதானத்தில் சுமார் 1,30,000 லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் பத்துக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்ததும், கூரை நீர் வெளியேறும் குழாயை இலை அடைத்திருக்கிறதா என்று பார்க்க மாணவர்களே ஓடுவார்கள்.

"பொய் சொல்றாங்களா டீச்சர்?"

எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "நேத்து நம்ம மாவட்டத்துக்குக் கனமழைன்னு டிவியில சொன்னாங்க. எங்க தெருவுல தூறல்தான் போட்டுச்சு. பொய் சொல்றாங்களா டீச்சர்?"

வகுப்பு முழுவதும் அவள் பக்கம்தான். நான் மாதிரி அறிக்கையைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். 'நான்கு மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் கனமழை' என்று இருக்கிறது. மாவட்டம் முழுவதும் என்று இல்லை. மாவட்டத்தின் ஒரு மூலையில் ஒரே ஒரு மானியில் 7 செ.மீ. பதிவாகியிருந்தால் முன்னறிவிப்பு பலித்துவிட்டது. அந்த மானி அவள் தெருவில் இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அன்றைய மழைப் பதிவை எடுத்துப் பார்த்தோம். மாவட்டத்தின் தெற்குக் கோடியில் 8 செ.மீ. பதிவாகியிருந்தது. அவள் அத்தை ஊர் அந்தப் பக்கம்தானாம். "ஆமா டீச்சர், அத்தை போன்ல தண்ணி வாசல் வரைக்கும்னு சொன்னாங்க" என்றாள்.

இந்தப் பேச்சுக்கு ஒரு முக்கியமான காரணம் இருக்கிறது. 'சொன்னது நடக்கவில்லை' என்று நாலு முறை நினைத்துவிட்ட குடும்பம் ஐந்தாவது முறை எச்சரிக்கை வரும்போது காதில் வாங்காது. அந்த ஐந்தாவது முறை சிவப்பாக இருக்கலாம். அறிவிப்பைச் சரியாக வாசிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் அந்த வீட்டுக்கு அது ஒரு பாதுகாப்பு.

நிறங்கள் சொல்வது என்ன?

பச்சை: எச்சரிக்கை எதுவும் இல்லை.
மஞ்சள்: கவனித்துக்கொண்டே இருங்கள்.
ஆரஞ்சு: தயாராக இருங்கள்.
சிவப்பு: உடனே செயல்படுங்கள்.

தோராயமாகக் கனமழைக்கு மஞ்சள், மிக கனமழைக்கு ஆரஞ்சு, அதி கனமழைக்குச் சிவப்பு என்று மக்கள் புரிந்துகொள்கிறார்கள். ஆனால் நிறத்தின் வேலை 'எவ்வளவு பெய்யும்' என்பதோடு முடிவதில்லை; 'நீ என்ன செய்ய வேண்டும்' என்பதைச் சொல்வதுதான் அதன் முதன்மையான வேலை. மழை நடக்கும் வாய்ப்பு எவ்வளவு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்று இரண்டையும் சேர்த்துத்தான் நிறம் முடிவாகிறது. ஒரு வாரமாக நனைந்து ஊறிக் கிடக்கும் டெல்டா வயலில் விழும் 7 செ.மீ.யும், காய்ந்து கிடக்கும் மண்ணில் விழும் 7 செ.மீ.யும் ஒன்றாகிவிடாது. நீலகிரியில் அதே மழை மண்சரிவாகலாம்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லிவிடலாம். வானிலை மையம் எச்சரிக்கை மட்டுமே தருகிறது. விடுமுறை அறிவிப்பது மாவட்ட ஆட்சியர். ஆரஞ்சு என்றாலே விடுமுறை என்று விதி எதுவும் இல்லை.

புயல் என்றால்தான் பயமா?

காற்றின் வேகத்தை வைத்தே இந்தப் பெயர்கள் வருகின்றன.

காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி: மணிக்கு 31 கி.மீ.க்குக் கீழ்
காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 31 முதல் 49 கி.மீ.
ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்: 50 முதல் 61 கி.மீ.
புயல்: 62 முதல் 88 கி.மீ.
தீவிரப் புயல்: 89 முதல் 117 கி.மீ.
மிகத் தீவிரப் புயல்: 118 முதல் 166 கி.மீ.

இதற்கு மேலும் இரண்டு படிகள் உண்டு. 62 கி.மீ.யைத் தொட்டால்தான் பெயர் சூட்டுகிறார்கள். பெயர் வந்தால்தான் பரபரப்பு வருகிறது. இதில்தான் ஆபத்து இருக்கிறது. இந்தப் பட்டியல் காற்றைத்தான் அளக்கிறது, மழையை அளக்கவில்லை.

2015 டிசம்பர் தொடக்கத்தில் சென்னையை மூழ்கடித்த மழைக்குப் புயல் பெயர் எதுவும் கிடையாது. டிசம்பர் 2ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பதிவானது. 2023 டிசம்பர் 18ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. பெய்தது. அதற்குக் காரணம் குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. தாழ்வுப் பகுதி என்ற முதல் படியைக்கூட அது எட்டவில்லை. நம் வகுப்பறைக் கூரைக் கணக்கில் போட்டால் ஒரே நாளில் ஒரு கூரையில் 35,000 லிட்டர்!

கரையைக் கடக்கும் இடத்தில்தான் மழை என்பதும் சரியில்லை. 2023இல் மிக்ஜாம் புயல் ஆந்திராவின் பாபட்லா அருகே டிசம்பர் 5ஆம் தேதி கரையைக் கடந்தது. சென்னை அதற்கு முன்பே வெள்ளத்தில் மிதந்தது. கரையைக் கடந்ததும் முடிந்தது என்பதும் சரியில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் அங்கேயே பல மணி நேரம் நகராமல் நின்றது. வலுவிழந்து உள்ளே நகர்ந்த பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் 50 செ.மீ. கொட்டியது. உள் மாவட்ட ஆசிரியர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுபக்கம், காற்றை மட்டும் கொண்டே அழிக்கும் புயல்களும் உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா சாய்த்த தென்னைகளை டெல்டாக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. புயலின் கண் நம் ஊரைக் கடந்தால் நடுவில் காற்று சட்டென்று அடங்கும். முடிந்துவிட்டது என்று வெளியே வரக் கூடாது. சற்று நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து அதே வேகத்தில் காற்று திரும்ப அடிக்கும்.

மீனவர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாதிரி அறிக்கையின் கடைசி இரண்டு வரிகள்தான் முக்கியம். புயல் உருவாகும் முன்பே 55 கி.மீ. காற்று பைபர் படகுக்கு ஆபத்து. தென்மேற்கு வங்கக்கடல், மன்னார் வளைகுடா, குமரிக்கடல் எங்கெங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். துறைமுகத்தில் 1ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்றால் தொலைவில் கடலில் ஏதோ உருவாகியிருக்கிறது என்று பொருள் என்பதையும் சொல்லுங்கள். கூண்டு எண்கள் 1 முதல் 11 வரை உண்டு.

ஏழு நாள் அறிவிப்பில் எந்த நாளை நம்புவது?

ஒரு வாரத்து அறிவிப்பின் எல்லா நாள்களும் ஒரே உறுதி உடையவை அல்ல. இன்றைய காற்று, வெப்பம், அழுத்தம் ஆகியவற்றை அளந்து, கணினி மாதிரிகள் அடுத்தடுத்த நாளைக் கணக்கிடுகின்றன. தொடக்க அளவில் உள்ள சிறு இடைவெளி நாள் செல்லச் செல்லப் பெருகும். ஆகவே பள்ளி வேலைக்கு நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன்.

6, 7ஆம் நாள்: தெரிந்து வைத்துக்கொள்ள மட்டும். 'அடுத்த வாரம் ஒரு தாழ்வுப் பகுதி வரலாம்' என்ற அளவு போதும்.
3 முதல் 5ஆம் நாள் வரை: ஆயத்தம் செய்ய. கூரை, வடிகால், மின் இணைப்புகள், சத்துணவுப் பொருள் இருப்பு ஆகியவற்றைப் பார்க்கலாம்.
1, 2ஆம் நாள்: முடிவெடுக்க. தேர்வு, சுற்றுலா, விளையாட்டுப் போட்டி நடத்தலாமா என்று தீர்மானிக்கலாம்.
அடுத்த 3 மணி நேரம்: ரேடாரைப் பார்த்துச் சொல்லும் உடனடி அறிவிப்பு இது. மாலையில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான்.

அறிவிப்பு தினமும் மாறுவதால் 'நேற்று ஒன்று, இன்று ஒன்று' என்று கேலி செய்பவர்கள் உண்டு. கடலில் சுழற்சி வேகமெடுத்தாலோ, நின்றாலோ, வறண்ட காற்று உள்ளே புகுந்தாலோ கணக்கு மாறும். மாறிய உடனே சொல்வதுதான் நேர்மையான அறிவிப்பு. நாம் செய்ய வேண்டியது கடைசியாக வந்த அறிக்கையின் தேதியையும் நேரத்தையும் பார்த்து வாசிப்பது.

ஒரு வாரச் செயல்பாடு

ஒரு தண்ணீர் பாட்டில் போதும். பக்கங்கள் நேராக உள்ள பாட்டிலாகத் தேர்ந்தெடுத்து, மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல்போல் அதிலேயே பொருத்துங்கள். அடியில் உள்ள மேடுபள்ளத்தை நிரப்பக் கூழாங்கல் போட்டு, அது மூழ்கும்வரை தண்ணீர் ஊற்றுங்கள். அந்த நீர்மட்டம்தான் பூஜ்யம். அங்கிருந்து மேலே அளவுகோலை ஒட்டுங்கள். மரமும் சுவரும் மறைக்காத திறந்த வெளியில், காற்றில் சாயாதபடி செங்கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு அளந்து, நீரைப் பூஜ்யம்வரை குறைத்துவிடுங்கள். இடி மின்னல் இருந்தால் அளவு எடுக்க யாரும் வெளியே போகக் கூடாது.

தொடக்க வகுப்புகளில் சுவர் நாள்காட்டியில் வெயில், மேகம், குடை படம் ஒட்டினாலே போதும். உயர்நிலை வகுப்புகளில் நான்கு கட்டம் போடுங்கள்: மழை என்றார்கள், பெய்தது, என்றார்கள், பெய்யவில்லை, சொல்லவில்லை, பெய்தது, சொல்லவில்லை, பெய்யவும் இல்லை. தினமும் ஒரு கட்டத்தில் ஒரு புள்ளி. வார முடிவில் எண்ணிவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: 'இரண்டாவது கட்டம், மூன்றாவது கட்டம் ஆகிய இரண்டில் எந்தத் தவறுக்கு விலை அதிகம்?' குடை வீணாகச் சுமந்ததையும், கடலில் மாட்டிக்கொண்டதையும் பிள்ளைகளே ஒப்பிட்டுப் பேசுவார்கள். எச்சரிக்கை ஏன் சற்று முன்னெச்சரிக்கையாகவே சொல்லப்படுகிறது என்பதற்கு நாம் தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்காது.

வரும் வாரத்துக்குள் முடிக்க வேண்டியவை

சுற்றுச்சுவர், பழைய கட்டடம் ஆகியவற்றில் விரிசல், ஊறல் இருந்தால் அந்தப் பக்கம் கயிறு கட்டி, தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் தெரிவியுங்கள். ஈரமான சுவரில் உள்ள மின் சுவிட்சுகளை அணைத்து வையுங்கள். மாணவர்கள் வரும் வழியில் உள்ள குளம், வாய்க்கால், மண் எடுத்த பள்ளம் எவை என்று அவர்களிடமே கேட்டுப் பட்டியல் போடுங்கள். மழைக்குப் பிறகு நீர் நிறைந்த பள்ளத்தின் ஆழம் வெளியே தெரியாது. வெயில் அடிக்கும் விடுமுறை நாளில்தான் பிள்ளைகள் அங்கே குளிக்கப் போகிறார்கள் என்பதால் இதை விடுமுறைக்கு முந்தைய நாளே சொல்லிவிடுங்கள்.

மின்னலைப் பார்த்ததும் ஒன்று, இரண்டு என்று நொடிகளை எண்ணச் சொல்லுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் வர வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்தே மைதானத்துக்குப் போகலாம். மரத்தடி வேண்டவே வேண்டாம்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநில எண் 1070. இரண்டையும் மாணவர் கையேட்டின் முதல் பக்கத்தில் எழுதச் செய்யுங்கள். பெற்றோர் குழுவில் வரும் படங்களைப் பகிரும் முன் தேதியைப் பார்க்கும் பழக்கத்தை வகுப்பிலிருந்தே தொடங்குங்கள். அடுத்த ஏழு நாள் அறிக்கை வந்ததும் அதைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு மாணவர் வாசிக்கட்டும். 'ஓரிரு இடங்களில்' என்றால் என்ன என்பதை இன்னொருவர் விளக்கட்டும்.